இரவல் நாற்காலிகள்

மிளகாய்க்கு வேறு ஒரு பெயரும் உண்டு. அது பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் செல்லுபடியாகும். வீட்டிலும் மாடிப்படியிலும் தெருவிலும் அவள் மிளகாய்தான். ஆள் பார்க்கச் சின்னவள். கோபம் வந்துவிட்டால் எதிரில் நிற்பவர் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

அன்று காலையிலிருந்தே அவள் வீட்டில் ஒரே அமர்க்களம். உதவி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

எல்லாம் அப்பாவின் காலுக்காகத்தான். அப்பா பெரிய பெரிய கட்டடங்களுக்கு வண்ணம் அடிப்பவர். ஒருநாள் சாரம் சரிந்து கீழே விழுந்துவிட்டார். முழங்கால் எலும்பு முறிந்து, பிறகு கோணலாக ஒட்டிக்கொண்டது. இன்னொரு அறுவை சிகிச்சை செய்தால் பழையபடி ஏணி ஏறலாம், இல்லையென்றால் காலம் பூராவும் ஊன்றுகோல்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குச் சலவைக்கடையில் துணி தேய்க்கும் வேலை. அந்தச் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே இழுபறி. இதில் அறுவை சிகிச்சைக்கு எங்கே போவது? கஷ்டப்படுகிறவர்களின் மருத்துவச் செலவை உதவி அலுவலகமே ஏற்றுக்கொள்ளும் என்று யாரோ சொல்ல, அம்மா போய்க் கேட்டார். வீட்டை நேரில் பார்த்த பிறகுதான் முடிவு என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதிலிருந்து அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"வர்றவங்களை எங்கடி உட்கார வைக்கிறது? கவுத்துப் போட்ட வாளி மேலயா?"

"அப்பா அதுல தானே உட்கார்றாரு?" என்றாள் மிளகாய்.

"அப்பா வேற, விருந்தாளி வேற!"

அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டுக்கு ஆள் வந்தாலும் மற்ற வீட்டுச் சாமான்கள் எல்லாம் அங்கே போய்விடும். லாரி மாமாவைப் பார்க்க அவருடைய முதலாளி வந்தபோது, மிளகாய் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடி இரண்டு நாள் அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது. தலை சீவ மிளகாய் இரண்டு மாடி இறங்க வேண்டியிருந்தது.

இப்போது மிளகாய் வீட்டு முறை. தையல்கார அக்கா மெத்தை வைத்த நாற்காலிகளோடு, பூப்போட்ட திரைச்சீலையும் கொண்டுவந்து மாட்டினார். லாரி மாமா தன் பெரிய டிவியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிவந்தார். கீழ்த்தளத்தில் பேக்கரி வைத்திருக்கும் அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போய், கடையில் இருந்த குளிர்சாதனப் பெட்டியையே இழுத்துக்கொண்டு நான்கு மாடி ஏறிவிட்டார்.

"உள்ளே ஒண்ணுமே இல்லையே அண்ணே?" என்றாள் மிளகாய், பெட்டியைத் திறந்து பார்த்து.

"அவங்க என்ன திறந்தா பாக்கப்போறாங்க? உறுமுற சத்தம் கேட்டா போதும்," என்றார் அண்ணன் மூச்சு வாங்க.

அம்மா மிளகாயைத் தனியே இழுத்து, "இன்னிக்கு ஒருநாள் மட்டும் உன் வாயைத் திறக்காதே. என் தங்கம் இல்ல?" என்று கெஞ்சினார்.

மிளகாயும் திறக்கவில்லை. பிறகு அதை நினைத்து அவளே தன் தலையில் குட்டிக்கொண்டாள்.

வந்தது கண்ணாடி போட்ட ஒரு மேடம். மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். டிவியைப் பார்த்தார். திரைச்சீலையைப் பார்த்தார். குளிர்சாதனப் பெட்டி நன்றாகவே உறுமியது.

"இதெல்லாம் உங்களுதா?" என்று கேட்டார்.

பேக்கரி அண்ணனும் தையல்கார அக்காவும் வாசலிலேயே நின்று பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் இல்லை என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. மெல்லத் தலையாட்டிவிட்டார்.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். உங்களுடையது வசதியான குடும்பம், அதனால் உதவி கிடையாது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். செய்தி கேட்டு அக்கம்பக்கம் எல்லாம் ஓடிவந்தது. பேக்கரி அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "என் பெட்டியாலதான் எல்லாம் கெட்டுச்சு," என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

"விடுங்கப்பா, நான் ஒரு யோசனை சொல்றேன்," என்றார் லாரி மாமா. "மறுபடியும் அவங்களை வரச் சொல்லுவோம். இந்தத் தடவை வீட்டைக் கன்னாபின்னான்னு போட்டு வைங்க. சுவத்துல கொஞ்சம் கரியைப் பூசுவோம். மிளகாய், நீ தலையைக் கலைச்சுக்கிட்டு மூலையில உட்கார்ந்து ஓன்னு அழு. அந்தம்மா மனசு இளகிடும்."

"என்கிட்ட நல்ல கிழிஞ்ச துணியா நிறைய இருக்கு. அவ அளவுக்கே ஒரு சட்டை தைச்சுத் தரேன்," என்றார் தையல்கார அக்கா ஆர்வமாக.

"மாட்டேன்!"

மிளகாய் கத்திய கத்தலில் எல்லாரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"போன தடவை பணக்காரங்க மாதிரி நடிச்சோம். இந்தத் தடவை பிச்சைக்காரங்க மாதிரி நடிக்கணுமா? நாம எப்போதான் நாமளா இருக்கிறது? நான் தலையைச் சீவிக்கிட்டுத்தான் நிப்பேன். அழவும் மாட்டேன்!"

"விடும்மா," என்றார் அப்பா வாளி மேல் உட்கார்ந்தபடியே. குரல் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத அளவுக்கு இருந்தது. "நாலு பேருக்குத் தெரியற மாதிரி இதைப் பெருசு பண்ண வேண்டாம். நான் ஊன்றுகோலோடயே பழகிக்கிறேன்."

ஏணி உச்சியில் நின்று பாட்டுப் பாடிய அப்பா இப்படிப் பேசுவது மிளகாய்க்குப் பிடிக்கவே இல்லை.

"பழகக் கூடாதுப்பா!" என்றாள். அப்புறம் மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினாள். "இது யாரோட நாற்காலி, யாரோட டிவின்னு அவங்களுக்குத் தெரியல. அவ்வளவுதானே? அவங்கவங்க சாமானை அவங்கவங்களே தூக்கிட்டு வாங்க. நேர்ல போய்ச் சொல்லுவோம்."

"பெட்டியையுமா?" என்றார் பேக்கரி அண்ணன் கவலையாக. அதை நான்கு மாடி இறக்கிய இடுப்புவலி அவருக்கு இன்னும் போகவில்லை.

"பெட்டியைத்தான் முதல்ல!"

அடுத்த நாள் லாரி மாமாவின் லாரி உதவி அலுவலக வாசலில் வந்து நின்றது. நாற்காலிகள் இறங்கின. டிவி இறங்கியது. குளிர்சாதனப் பெட்டியை நான்கு பேர் பிடித்து இறக்கினார்கள். தையல்கார அக்கா திரைச்சீலையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

காவலாளி ஓடிவந்தார். "ஏய், என்ன இது? இங்கே வீடு மாத்தி வர்றீங்களா?"

"மேடத்தைப் பாக்கணும்," என்றாள் மிளகாய்.

"பாக்கலாம். இதையெல்லாம் உள்ளே கொண்டுபோகக் கூடாது."

"ஏன்? மேடம் ஏற்கெனவே பாத்த சாமான்தான். அவங்களுக்கு நல்லாத் தெரியும்."

காவலாளி இதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் பெட்டி பாதி வாசலைத் தாண்டிவிட்டது.

உள்ளே காத்திருப்பவர்கள் நிறைய, பெஞ்சு ஒன்றே ஒன்று. கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்த ஒரு பெண்மணி மெத்தை நாற்காலியைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, இப்பவாவது போட்டாங்களே," என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். தையல்கார அக்கா அவரை எழுப்பவில்லை.

சத்தம் கேட்டு மேடம் வெளியே வந்தார். குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மேடம், இந்தப் பெட்டி பேக்கரி அண்ணனோடது," என்று ஆரம்பித்தாள் மிளகாய். குரல் கொஞ்சம் நடுங்கியது. அவள் விடவில்லை. "டிவி லாரி மாமாவோடது. திரைச்சீலையும் நாற்காலியும் அக்காவோடது. நீங்க வர்றீங்கன்னுதான் எல்லாரும் கொடுத்தாங்க. எங்க வீட்ல ஒரு வாளி இருக்கு. அது மட்டும் எங்களுது."

மேடம் அம்மாவைப் பார்த்தார். "நான் கேட்டப்போ நீங்க தலையாட்டினீங்களேம்மா?"

அம்மா முதலில் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஆமா மேடம். வீடு தேடி வந்தவங்களை வெறுந்தரையில உட்கார வைக்க எனக்கு மனசு வரல. கொடுத்தவங்க வாசல்ல நிக்கறப்ப இல்லைன்னு சொல்லவும் மனசு வரல. தலையாட்டினது தப்புதான். ஆனா நாற்காலி போட்டது தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க. நாளைக்கு நீங்க வந்தாலும் போடுவேன்."

அந்தக் கூடத்தில் யாரோ கை தட்டினார்கள். அது கைக்குழந்தைக்காரப் பெண்மணிதான்.

"புரியுதும்மா," என்றார் மேடம். "ஆனா ஒரு தடவை இல்லைன்னு முடிவாயிட்டா, திரும்ப வந்து பாக்க ரொம்ப நாள் ஆகும். அதுதான் இங்க நடைமுறை. அதுவும் இல்லாம, அடுத்த தடவை நீங்க சாமானை ஒளிச்சு வைக்கலைன்னு நான் எப்படி நம்புறது?"

நியாயமான கேள்விதான். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மிளகாய் மட்டும் பளிச்சென்று சொன்னாள். "இப்பவே வாங்க மேடம். நீங்க அன்னிக்குப் பாத்த சாமான் மொத்தமும் இதோ உங்க கண்ணு முன்னாடி இருக்கு. அங்கே ஒளிச்சு வைக்க எங்ககிட்ட வேற என்ன இருக்கு?"

மேடம் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"லாரியில இடம் இருக்கா?" என்று கேட்டார்.

சாமான்களுக்குக் காவல் காவலாளியே. அவர் மெத்தை நாற்காலி ஒன்றைப் பிடித்து அதில் உட்கார்ந்துகொண்டு டிவியைக் காத்தார்.

வீட்டில் அப்பா, சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். அறையில் பாத்திரம் நாலு, துணி ஒரு மூட்டை. தரை மட்டும் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அப்பா பதறிப்போய் எழுந்து வாளியை மேடத்திடம் தள்ளினார்.

மேடம் வாளியை அவரிடமே தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார்.

"வீட்டை ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க," என்றார்.

மிளகாய்க்குச் சுருக்கென்றது. "கஷ்டப்படுறவங்க வீடு அழுக்காத்தான் இருக்கணும்னு ஏதாவது சட்டம் இருக்கா மேடம்?"

"மிளகாய்!" என்றார் அம்மா.

"அவ கேட்கட்டும்," என்றார் மேடம். "அப்படி ஒரு சட்டமும் இல்லம்மா. ஆனா நாங்க பல சமயம் அப்படித்தான் பாக்கறோம். இனிமே போற வீட்ல எல்லாம், இது யார் கொடுத்ததுன்னு ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்கணும்." அப்பாவின் காலைக் குனிந்து பார்த்தார். "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார். போன தடவை அதைக் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்த மாதமே உதவி கிடைத்துவிட்டது. மருத்துவமனைக்குப் போகும் நாளில் அம்மா சலவைக்கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். மிளகாய் அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டாள்.

மருத்துவமனை முன்கூடத்தில் கூட்டமான கூட்டம். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சுவர் ஓரமாகவே நடந்தார். பெயர் பதியும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்களைப் பார்த்துவிட்டு, ஏதோ ரகசியம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

"உதவியில வந்தவங்களா?"

மிளகாய்க்கு மூக்கு விடைத்தது. "எதுக்குச் சார் கிசுகிசுக்கிறீங்க? நாங்க திருடவா வந்தோம்?"

அப்பா அவள் தோளில் கை வைத்தார். மெதுவாகப் பேசு என்று சொல்லப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அப்பா அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு ஊன்றுகோலை நன்றாக ஊன்றி, முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"ஆமா சார், உதவியிலதான் வந்திருக்கோம்," என்றார். ஏணி உச்சியிலிருந்து கீழே நிற்பவரைக் கூப்பிடுகிற குரல் அது. கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "கால் சரியாகணும், நான் வேலைக்குப் போகணும். எந்தப் பக்கம் போகணும்னு சொல்லுங்க."

பெயர் பதிகிறவர் போக வேண்டிய பக்கத்தைக் கை காட்டினார். மூன்று பேரும் கூடத்தின் நட்டநடுவாகவே நடந்து போனார்கள்.