பூஜ்ய மாப்பிள்ளை

பெண் பார்க்க வந்தவர்கள் காபித் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் பெண்ணின் அப்பா நாச்சிமுத்து விஷயத்துக்கு வந்துவிட்டார். "தம்பிக்கு வரவேற்புத் தொகை எவ்வளவு வருதுங்க?"

மாப்பிள்ளை செந்தூரன் கைப்பேசியை நீட்டினான். தோட்டங்களுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்களைப் பழுதுபார்ப்பவன். திரையில் ஓர் இணையச் சூதாட்டக்கூடம் அவனுக்கு நல்வரவு கூறி, சேர்ந்தால் இரண்டு லட்சம் இலவசம் என்றது. நாச்சிமுத்துவின் முகம் சுருங்கிவிட்டது.

ஒரு காலத்தில் இந்த இலவசத்தை வாங்கலாமா வேண்டாமா என்று ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கொடுத்த தொகையை முப்பது மடங்கு ஆடித் தீர்த்தால்தான் வெளியே எடுக்க முடியும் என்பது பொடி எழுத்தில் இருக்கும். அதற்காகத்தான் தேறுமானி வந்தது. மணிக்கட்டில் கட்டும் பட்டை. நாடித்துடிப்பையும் தூக்கத்தையும், ஆள் ஒரு காரியத்தை எந்தக் கட்டத்தில் கைவிடுகிறான் என்பதையும் கவனித்து, கடைசியில் அவனுக்கு என்ன தேறும் என்று சொல்லிவிடும். கணக்கு சலுகையைப் பற்றியதே அல்ல, ஆளைப் பற்றியது என்பது அப்போதுதான் தெரிந்தது. தேறாது என்று கண்டதும் எழுந்து போகிறவனுக்கு லாபம். மற்றவனுக்கு நஷ்டம்.

சூதாட்டக்கூடங்கள் சும்மா இருக்குமா? தேறுமானியின் தகவலை விலைக்கு வாங்கி, எழுந்து போகிறவர்களுக்குத் தொகையைப் பூஜ்யமாக்கின. எழாதவர்களுக்கு அள்ளிக் கொடுத்தன. ஆளின் போக்கு மாறினால் தொகையும் மாறியது. வெகு சீக்கிரம் வாடகை வீட்டுக்கும் வேலைக்கும் கல்யாணத்துக்கும் பூஜ்யமே நற்சான்றாகிவிட்டது. நாச்சிமுத்து தன் பூஜ்யத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தார்.

"நான் ஒரு தடவைகூட ஆடுனதில்லீங்க," என்றான் செந்தூரன்.

"ஆடாதப்பவே ரெண்டு லட்சமா?"

மகள் தாரிகாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. அவர்கள் போனபின் சொல்லியும் பார்த்தாள். "அவங்கம்மா பிழைக்க மாட்டாங்கன்னு டாக்டர் சொன்ன பொறகும் மூணு வருஷம் கூடவே இருந்து பார்த்தாராமா. மிஷின் அதத்தானுங்கப்பா சொல்லுது."

"நானும் அதத்தான் கண்ணு சொல்றேன். விடத் தெரியாத ஆளு."

மோகனரூபன் என்ற பூஜ்யத்துக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார். கல்யாணப் பந்தலில் ஊரே மெச்சியது. இரண்டாம் வருடம் தாரிகாவின் சிறுநீரகங்கள் கெட்டுப்போயின. மோகனரூபன் சண்டை போடவில்லை. நகைகளைக் குறைவில்லாமல் கொண்டுவந்து வைத்தான்.

"உங்க பொண்ணு மேல ஒரு கொறையும் இல்லீங்க மாமா. ஆனா இதுல இனி ஒன்னும் தேறாதுங்க."

நஷ்டத்தில் ஓடிய தறிகளை நாச்சிமுத்துவும் இதே குரலில்தான் விற்றுத் தள்ளியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர், சிகிச்சை வருடக்கணக்கில் இழுக்கும், உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். தாரிகா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"நீங்களும் பூஜ்யந்தானுங்களே அப்பா," என்றாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை.

அவர் மணிக்கட்டில் தேறுமானி அதிர்ந்தது. தேறாது, எழுந்துவிடுவது நல்லது என்றது. நாச்சிமுத்து நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறுநாளும் அதிர்ந்தது. அதற்கடுத்த வாரமும். தறிப்பட்டறையை விற்று, ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒற்றை அறை பிடித்தார். அதிர்வதைப் பொருட்படுத்துவதையே விட்டுவிட்டார்.

மழைக்காலம் முடியும் சமயம், ஒரு மத்தியானம் அவர் கைப்பேசி மணியடித்தது. ஒரு சூதாட்டக்கூடம் அவருக்கு முதல்முறையாக நல்வரவு கூறியிருந்தது. இரண்டு முறை படித்துவிட்டு, அன்று செந்தூரன் நீட்டியதுபோலவே மகளிடம் நீட்டினார்.

கண்ணாடி இல்லாமல் அவளால் படிக்க முடியவில்லை. "எவ்வளவுங்கப்பா?"

"ஒன்னே முக்கால் லட்சம்."

"அவருக்கு ரெண்டு வந்துச்சுங்கப்பா," என்றாள் தாரிகா.

"எனக்கும் ஏறும் கண்ணு," என்றார் நாச்சிமுத்து.