படலை கட்டாத வீடு

கிட்ட வந்து இருங்கள், என் குஞ்சுகளே. கையில் இருக்கிற போனைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள். வெளிச்சம் முகத்தில் படாமல் கேட்க வேண்டிய கதை இது. பயமும் தரும், பயத்தைவிடப் பாரமான ஒன்றையும் தரும். இரண்டையும் மெல்ல மெல்லச் சொல்கிறேன், ஆறுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விசில்தான்.

உடையார்கட்டில், வாய்க்கால் கரையோரம் இருக்கிற வீட்டுத்திட்ட வீடொன்றில், மாரி மழை சற்று ஓய்ந்து மண்ணும் ஈர விறகும் மணக்கிற பொழுதுபடும் வேளையில், கௌசலா விறாந்தைக் கதிரையில் கால்களை மடித்து வைத்துக்கொண்டு போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தாள். நாலு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து துவக்கோடு ஓடுகிற கேம். மற்றவர்கள் ஆளையாள் ஏசிக்கொண்டு ஓடிய இரைச்சலுக்கு நடுவே, இயர்போனில், காதோடு வாய் வைத்ததுபோல அவ்வளவு கிட்ட, அந்த விசில் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நீளம். சைக்கிளில் வருகிற பொடியன் இறங்கப் பஞ்சிப்பட்டு, வேலிவாசல் படலையைத் திறந்துவிடச் சொல்லி அடிக்கிற விசில்.

இயர்போனைக் கழற்றினாள். வெளியே தவளைகள் மட்டும்.

உலகத்தில் அந்த விசிலை அடிக்கிறவன் ஒருவன்தான் இருந்தான். அவளுடைய தம்பி சிவகரன். சண்டையின் கடைசி மாதங்களில், சனம் சனமாக ஓடிய ஓட்டத்தில், அவளுடைய கையை விட்டுப் போனவன். உயிர் என்றும் சொல்வாரில்லை, உடல் என்றும் சொல்வாரில்லை.

அம்மா கமலாசனி அவனுக்குத் திவசம் செய்யவில்லை. செய்தால் செத்தவன் ஆகிவிடுவானே. படத்துக்கு மாலையும் இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பொழுதுபட்ட நேரமும் ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடி வைப்பாள். படலையைச் சாத்துவாள், கயிறு போட்டுக் கட்டமாட்டாள். கண்ணில் வெண்படலம் விழுந்து ஆட்கள் நிழலாகத்தான் தெரிகிற இந்த நாளிலும், அந்தக் கயிறு அவிழ்ந்து கிடக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

கௌசலா தேடியது வேறு வழியில். புதுக்குடியிருப்பில் பக்கீர் நானாவின் கடையில் அவளுக்கு வேலை. போட்டோக் கொப்பி அடிப்பது, போனுக்கு ரீலோட் போடுவது, அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது. இணையம் அவளுக்கு அங்கேதான் பழகியது. தொலைந்தவர்களைத் தேடும் குழு ஒன்றில் தம்பியைப் பற்றி எழுதத் தொடங்கினாள். எந்த விவரத்தை விடுவது? விட்ட விவரந்தான் யாரோ ஒருவருக்கு அவனை அடையாளம் காட்டக்கூடியதாக இருந்தால்? ஒன்றையும் விடாமல் எழுதினாள். பனங்கருக்குமட்டை வெட்டிப் புருவத்தில் விழுந்த தழும்பு. மூக்கன் என்று அவன் வளர்த்த நாய். அந்த விசில். அம்மா மூடி வைக்கிற சோறு. கட்டாத படலை. வாய்க்காலால் வந்தால் எத்தனையாவது ஒழுங்கை. அம்மாவும் அவளும் மட்டுந்தான் இருக்கிறார்கள் என்பது.

படம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. பள்ளிக்கூடச் சேட்டோடு, வாயை இறுக்க மூடிக்கொண்டு நெஞ்சு வரைக்கும் எடுத்த படம். இடம்பெயர்ந்த மழையில் அது நனைந்து, அல்பத்தின் பிளாஸ்டிக் தாளில் ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது கடதாசி வெறும் வெள்ளையாக வந்தது. முகம் பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிட்டது. ஒரு காதையும் தோளையும் ஈரம் தின்று வெள்ளையாக்கியிருந்தது. பிளாஸ்டிக்கின் வெளிப்பக்கம் கீறல் விழுந்து மினுங்கியதால், கௌசலா அதைத் திருப்பிப் பிடித்து உள்பக்கத்தால் படம் எடுத்தாள். முகம் தெளிவாக வந்தது. ஆனால் வலமிடம் மாறி வந்தது. வலப் புருவத் தழும்பு இடப் புருவத்துக்குப் போய்விட்டது. ஆயிரம் பேர் அதைப் பகிர்ந்த பிறகுதான் கண்டாள். முகம் முகந்தானே என்று விட்டுவிட்டாள். அந்தப் பிளாஸ்டிக்கும் பிறகு உக்கி உதிர்ந்து, படம் எடுத்த போனும் பழுதாகிப்போக, தம்பியின் முகம் அந்தக் குழுவில் மட்டுமே இருந்தது.

கேமுக்குள் அவள் வந்ததும் தேடித்தான். கனடா, பிரான்ஸ், வவுனியா என்று எங்கெங்கோ இருந்து தமிழ்ப் பொடியள் அதில் கதைப்பார்கள். எந்தக் குரல் எவனுடையதோ, யாருக்குத் தெரியும்? ஒவ்வொருவனையும் ஊர் விதானை மாதிரிப் பெயர், ஊர் கேட்டு விசாரிப்பாள். அவர்களுக்கு அது பகிடி.

"டேய், விதானை அக்கா வந்திட்டா. ஐடென்டிக் காட்டை எடுத்துக் கையில வையுங்கோடா!"

"அக்கா, நான் பிறந்ததே கொழும்பில. சுட விடுங்கோ அக்கா, செத்திடுவன்."

அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அடுத்தவனை விசாரிப்பாள்.

விசில் கேட்ட அன்று நாலாவதாக வந்தவனுக்குப் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அவன் சுடவில்லை, ஓடவில்லை. அவளுடைய ஆள் போகிற இடமெல்லாம் பக்கத்தில் வந்து நின்றான். மற்ற இருவரும் செத்து வெளியேறிய பிறகு, கேமுக்குள் காற்றுச் சத்தம் மட்டும் கேட்ட அமைதியில், அவன் கதைத்தான். இன்னும் உடையாத பொடியன் குரல்.

"அக்கா, அம்மா சாப்பிட்டவாவோ?"

கௌசலா போனை வாயருகே கொண்டுபோனாள்.

"நீ ஆர்?"

"கரன்."

"எங்கட நாய்க்கு என்ன பேர்?"

"மூக்கன்."

"உனக்கு எப்பிடிக் காயம் வந்தது?"

"கருக்குமட்டை வெட்டினது. அம்மா இப்பவும் சோறு மூடி வைக்கிறவா. எனக்குத் தெரியும்."

இத்தனை காலமும் உலகம் முழுக்க வீசிய வலையில் இதோ ஒன்று துடிக்கிறது. அழுதுகொண்டே அவள் இன்னுமொன்று கேட்டாள். சந்தேகத்தால் அல்ல, அவன் வாயால் அதைக் கேட்க வேண்டும் என்ற ஆசையால். கடைசி நாளில், அவளுடைய செருப்பு வார் அறுந்து போக, தன்னுடைய செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவன் வெறுங்காலோடு நடந்தான். அதை அவள் எவருக்கும் சொன்னதில்லை.

"கடைசியா எனக்கு என்ன தந்தனி, கரன்?"

காற்றுச் சத்தம். நீண்ட நேரம் காற்றுச் சத்தம்.

"நீங்கள் அதை எழுதேல்லையே, அக்கா."

போனை எறிந்துவிட்டாள்.

"ஆரோட பிள்ளை கதைக்கிறாய்?" குசினிக்குள் இருந்து அம்மா கேட்டாள். "கரன்ர குரல் மாதிரிக் கிடக்கு."

அடுத்த நாள் கடையில், சனம் குறைந்த நேரம் பார்த்து, பக்கீர் நானாவுக்குச் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவள் எழுதியவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"என்ன புள்ள இது? படலை திறந்து கிடக்கெண்டு ஊருலகத்துக்கே எழுதி வச்சிருக்கிறீங்க. கள்ளனுக்கு வழி கேக்கிற கஷ்டமும் இல்ல."

"கள்ளன் என்ர தம்பிட குரலில கதைப்பானே, நானா?"

"அதுதான் எனக்கும் விளங்கல்ல." கண்ணாடியைக் கழற்றினார். "சண்டை முடிஞ்சு நாங்க திரும்பி வந்தப்ப எங்கட வளவு அப்படியேதான் நிண்டது. அதே மாமரம், அதே கிணறு. சந்தோசத்தில வாளியை விட்டா, அடியில ஒரு குடும்பம் பாம்பு. திரும்பிக் கிடைச்சதெல்லாம் பழசெண்டு நம்பப்படாது. எல்லாத்தையும் அழிச்சுப் போடுங்க. இண்டைக்கே."

பஸ்ஸில் வரும்போதே அழித்தாள். விசிலை அழித்தாள். மூக்கனை அழித்தாள். சோற்றை, படலையை, ஒழுங்கையை அழித்தாள். ஒவ்வொன்றாக அழிக்க அழிக்க, தம்பியை இன்னொரு முறை கைவிட்டு வருவதுபோல இருந்தது. கடைசியில் படம் மட்டும் மிஞ்சியது. 'இதை அழிக்கவா?' என்று போன் கேட்டது. வாயை மூடிக்கொண்டு அவன் பார்த்தபடி இருந்தான். விரல் போகவில்லை. முகத்தை அழித்துவிட்டால் எதை வைத்துக்கொண்டு காத்திருப்பது?

வீட்டுக்கு வரவும் மழை பிடித்தது. கரண்ட் நின்றது. விறாந்தையில் குப்பி விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு, ஒருமுறை, ஒரே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவள் கேமைத் திறந்தாள். பெயரில்லாதவன் ஏற்கனவே அங்கே நின்றான். மைக் திறந்திருந்தது. விசில் இல்லை. அக்கா என்றும் அழைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. சொல்லைத் தொலைத்த ஒருவன் வாய்க்குள்ளேயே அதைத் தேடித் தடவுகிற மூச்சு. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவன் போய்விட்டான் என்று திரை காட்டியது.

வழியை அவள் அழித்திருந்தாள். ஆனால் வழி தெரிந்தவன் அதற்கு முன்னமே இறங்கிவிட்டான்.

மழை ஓய்ந்தது. கூரைத் தகட்டில் இருந்து துளிகள் விழுந்தன. வாய்க்கால் பக்கம் தவளைகள் கத்தின. குப்பி விளக்கின் மண்ணெண்ணெய் மணத்தோடு இன்னொரு மணம் வந்தது. பழைய அல்பத்தைத் திறந்தால் வருமே, அந்தப் பூஞ்சண மணம்.

தவளைகள் நின்றன.

எல்லாம். ஒரேயடியாக.

படலை கிறீச்சிட்டது.

அவள் எழும்பவில்லை. முற்றத்தில் ஈர மணல் கறுப்பாகக் கிடந்தது. அதில் ஏதோ வெள்ளையாக வந்தது. பள்ளிக்கூடச் சேட்டு. மணலில் அடி எதுவும் பதியவில்லை. சேட்டுக்குக் கீழே பார்த்தாள். இருட்டு. இருட்டு மட்டும். படத்தில் கால் இல்லையே.

"கரன்!"

அம்மா. சுவரைப் பிடித்துக்கொண்டு அவளைத் தாண்டி விறாந்தைக்கு வந்துவிட்டாள். அந்த வெள்ளை நிழலைப் பார்த்துக் கைகளை நீட்டினாள்.

"வந்திட்டியே, அப்பன். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியுமடா. கௌசி, துவாயை எடு, தம்பி நனைஞ்சு போனான்."

"அம்மா, இஞ்சால வாங்கோ. அது அவனில்லை."

"விசரே உனக்கு? என்ர பிள்ளையை எனக்குத் தெரியாதே?"

அம்மா அவனைத் தோளோடு அணைத்து அழைத்து வந்து விளக்கின் முன்னால் இருத்தினாள். அப்போது கௌசலா கண்டாள். அதே கண். அதே நெற்றி. ஒரு வருசங்கூடக் கூடாத அதே வயது. காது இருந்த இடத்தில் வெள்ளை. தோளில் பாதி வெள்ளை.

தழும்பு இடப் புருவத்தில்.

"ஏனடா முகம் இப்பிடி வழுக்குது?" அம்மா அவனுடைய கன்னங்களைத் தடவித் தடவிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கௌசலா மறந்தே போயிருந்தாள். இந்த வீட்டில் அப்படி ஒருவரும் சிரித்ததில்லை. "குளிர்ந்து கிடக்கிறாய். சாப்பிடு ராசா, முதல்ல சாப்பிடு."

மூடியிருந்த கோப்பையைத் திறந்தாள். சோற்றைப் பிசைந்து உருண்டையாக்கி அவனுடைய வாயில் வைத்தாள்.

வாய் திறக்கவில்லை.

படத்தில் அது திறந்ததே இல்லை.

சோறு உதட்டில் நசுங்கி, சேட்டில் வழிந்து, நிலத்தில் விழுந்தது. அம்மாவுக்குத் தெரியவில்லை. அடுத்த உருண்டையை வைத்தாள். அதுவும் விழுந்தது. அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. வந்ததில் இருந்து அவன் கௌசலாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண் இமைக்கவில்லை.

அம்மாவின் விரல்கள்.

நுனிகள் வெளுத்திருந்தன. நனைந்த படம் வெளுக்கிறதே, அப்படி. ரேகை இல்லை, நகம் இல்லை. வெறும் வெள்ளை.

கௌசலா போனை எடுத்தாள். கேமுக்குப் பின்னால் அந்தப் படம் அப்படியே திறந்திருந்தது. 'இதை அழிக்கவா?' ஒரு விரல் பட்டால் போதும். முகம் போய்விடும். வந்தது போய்விடும். அம்மாவின் மடியில் சிந்திய சோறு மட்டும் கிடக்கும். நாளைக்கும் அம்மா கோப்பையை மூடி வைப்பாள். நாளை மறுநாளும்.

"கௌசி," அம்மா திரும்பினாள். கண்ணீரும் சிரிப்புமாக முகம் மின்னியது. "பாரன், எவ்வளவு பசியில வந்திருக்கிறான் பிள்ளை. கோப்பை முடிஞ்சுது. இன்னும் கொஞ்சச் சோறு கொண்டா அம்மா."

வெள்ளை மணிக்கட்டு வரைக்கும் ஏறியிருந்தது.

கௌசலா போனைக் கவிழ்த்து வைத்தாள். எழும்பிக் குசினிக்குள் போனாள். சட்டியைச் சுரண்டிச் சோற்றை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவின் கோப்பையில் போட்டாள். போட்டுவிட்டு, அவளும் பக்கத்தில் இருந்தாள்.

அம்மா ஊட்டினாள். அவன் பார்த்தான். சோறு விழுந்துகொண்டே இருந்தது.

சரி, என் குஞ்சுகளே, இனிப் போய்ப் படுங்கள். உங்கள் வீட்டு விளக்கு அணையாமல் இருக்கட்டும். உங்கள் வாசலால் போனவர்கள் எல்லாரும் போன முகத்தோடேயே திரும்பி வரட்டும். அவர்கள் வருகிறபோது முற்றத்து மணலில் அவர்களுடைய காலடி ஆழமாகப் பதியட்டும். நீங்கள் போடுகிற சோற்றை அவர்கள் வாய் நிறையத் தின்னட்டும்.