நீலக் கரை போட்ட கைக்குட்டை

நாங்கள் சுற்றுலா போன ஏரியைச் சுற்றிப் பார்க்க இரண்டு ரயில்கள் ஓடுகின்றன. ஒன்று, கூரை வரைக்கும் கண்ணாடி பதித்த சுற்றுலா ரயில். மற்றொன்று, அதே தண்டவாளத்தில் எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போகும் சாதாரண உள்ளூர் வண்டி.

"அதே மலை, அதே ஏரி. அதுல கண்ணாடி கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். கண்ணாடியைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?" என்று மனைவியிடம் அளந்தேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன்.

"ஊருக்கெல்லாம் கண் பார்ப்பீங்க. எதிர்ல இருக்கிற உப்பு டப்பா மட்டும் தெரியாது," என்றாள் அவள்.

எங்கள் ஏழு வயது மகள் சிரித்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் சுண்டெலி. ஜன்னலோரம் வாங்கித் தருவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பதினாறு வருடமாக ரயிலில் வேலைக்குப் போகிறவன் நான். வேறு எதிலும் தேறாவிட்டாலும் இடம் பிடிப்பதில் புலி. கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பவர்களுக்கென்று சொந்தமாக ஒரு சட்டமே வைத்திருந்தேன். வண்டி நகரும் வரை கைக்குட்டை செல்லும். நகர்ந்துவிட்டால் செல்லாது.

மதியம் மூன்று மணி வண்டி. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். கடைசிப் பெட்டியில் ஏறினோம். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் ஏரிப் பக்கம், இருவர் உட்காரும் இருக்கை ஒன்று முழுதாகக் காலி. ஜன்னலோரத்தில் மட்டும் நீலக் கரை போட்ட வெள்ளைக் கைக்குட்டை, நான்கு மூலையும் நீவி விரித்திருந்தது.

நின்றவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பிழைக்கத் தெரியாத ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி நகர்ந்தது. யாரும் வரவில்லை.

"செல்லாது," என்று நீதிபதி மாதிரி சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்தேன்.

சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

யாரோ ஒரு குழந்தை எதையாவது கொட்டியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அதை மேலே சாமான் தட்டில் வைத்தேன். அடியில் இருக்கை காய்ந்துதான் இருந்தது. சுண்டெலி ஏறி உட்கார்ந்தாள். பெட்டியில் அதுவரை இருந்த சளசளப்பு சட்டென்று அடங்கியது.

மகள் பக்கத்தில் உட்காரப் போன மனைவி, உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டாள்.

"என்ன?"

"சூடா இருக்குங்க. இன்னும் யாரோ உட்கார்ந்திருக்கற மாதிரி."

"வெயில் படுது," என்றேன். வெயில் அந்தப் பக்கம் படவில்லை என்பது எனக்கும் தெரிந்தது.

மூன்று ஸ்டேஷன் கடந்தோம். ஏரி பளபளவென்று கூடவே வந்தது. சுண்டெலி அதைப் பார்க்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, யாரோ பேசுவதைக் கேட்பவள்போல் இருந்தாள். ஈர மண் வாசனை வந்தது. மழையில் நனைந்த துணியின் வாசனையும்.

நர்ஸ் சீருடையில் கதவோரம் நின்ற பெண் என்னிடம் வந்தாள். குரல் காதுக்கு மட்டும் எட்டியது.

"சார், பாப்பாவை அந்த இடத்துல இருந்து எழுப்பிடுங்க. சுரங்கம் தாண்டினா ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். அதுக்குள்ள."

"ஏம்மா?"

"ஒரு அம்மா தினமும் வேலை முடிஞ்சு இந்த வண்டியில வருவாங்க. அந்த ஸ்டேஷன்ல ஸ்கூல் விட்டு பொண்ணு ஏறும். அதுக்குத்தான் அந்தக் கைக்குட்டை. ஒரு நாள் நல்ல மழை. பொண்ணு ஓடி வர்றதுக்குள்ள வண்டி நகர்ந்துடுச்சு. ஓடுற வண்டியில ஏறப் பார்த்துச்சு..."

அவள் ஜன்னல் பக்கம் பார்க்காமல் தொடர்ந்தாள்.

"மறுநாள் அந்தம்மா அதே இடத்துல இறங்கிட்டாங்க. வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே. அந்த ஜன்னலோரத்துல யாரு உட்கார்ந்தாலும், அந்தம்மா அங்க கூட்டிட்டு இறங்கப் பார்ப்பாங்க சார்."

"முதல்லயே சொல்லக் கூடாதா?"

"வாயைத் திறக்கறதுக்குள்ள எடுத்து மேல வச்சுட்டீங்களே."

வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்தது.

விளக்கு ஒருமுறை சிமிட்டி, மங்கலாக எரிந்தது. "சுண்டெலி, எழுந்திரு," என்று அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன்.

அசையவில்லை.

இருபது கிலோ தேறாத பிள்ளை. தினமும் தோளில் தூக்கித் திரிகிறவன் நான். இருக்கையோடு தைத்தாற்போல் இருந்தாள். மனைவியும் சேர்ந்து இழுத்தாள். என் மகளின் தலைமுடி நனைந்திருந்தது.

"இருப்பா," என்றாள் அவள் நிதானமாக. "ஆன்ட்டி தலை துவட்டி விடறாங்க."

ஜன்னலைப் பார்த்தேன். இருட்டில் அது முகம் பார்க்கும் கண்ணாடியாக மாறியிருந்தது. அதில் சுண்டெலி தெரிந்தாள்.

அவள் தோளில் ஒரு கை தெரிந்தது.

முன்னே வெளிச்சம் புள்ளியாகத் தோன்றியது. சுரங்கம் முடியப் போகிறது. வண்டி வேகம் குறைத்தது. சுண்டெலி செருப்பைத் தேடிக் காலை நீட்டினாள், இறங்கப் போகிறவள் மாதிரி.

என் வீரம், சட்டம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. தட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அந்தச் சூடான இருக்கையைப் பார்த்து நீட்டினேன்.

"அம்மா, இது உங்க பொண்ணோட இடம். தெரியாம எடுத்துட்டேன். நான் ஒரு முட்டாள். ஆனா இவ என் பொண்ணும்மா. இவளைப் பெத்தவ இதோ நிக்கறா. விட்டுடுங்க."

கைக்குட்டையின் மறுமுனை மெல்ல இழுபட்டது.

விட்டேன். சுண்டெலி பஞ்சு மாதிரி என் கையோடு வந்தாள்.

வண்டி நின்றது. ஆளில்லாத சின்ன ஸ்டேஷன். யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஜன்னலோரத்தில் கைக்குட்டை விரித்திருந்தது, நான்கு மூலையும் நீவி.

அடுத்த ஊரில் இறங்கும்போது நர்ஸ் சொன்னாள்: "திரும்பறப்ப டூரிஸ்ட் வண்டியில போயிடுங்க சார். அது அந்த ஸ்டேஷன்ல நிக்காது."

மறுநாள் காலையே அதில் இடம் வாங்கினேன். "அதே மலை, அதே ஏரின்னீங்க?" என்று மனைவி கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

பளபளப்பான பெட்டி. ஒவ்வொரு இருக்கைக்கும் எண். இங்கே யாரும் யாருக்கும் இடம் பிடிக்க வேண்டியதில்லை. எங்களுக்குப் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. பின்னால் கதவு தானாக மூடித் தாழிட்டுக்கொண்டது. சுண்டெலி என் கையை உதறிவிட்டு முன்னால் ஓடினாள்.

"அப்பா!" என்று சந்தோஷமாகக் கத்தினாள். "ஆன்ட்டி எனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்காங்க!"

பதினேழாம் எண், ஜன்னலோரம். நீலக் கரை. நான்கு மூலையிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வண்டி இன்னும் நகரவில்லை.

என் சட்டப்படி, கைக்குட்டை செல்லும்.