பித்தளைப் பம்பின் மேல் விழுந்த கண்

1921, தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழு பத்து. பதுளைக் கடைவீதியில் எண்ணெய்க்கடை தங்கராஜா முதலாளி தம் பித்தளைப் பம்பின் கைப்பிடியைத் தூக்கினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அதன் அடியில் முறிந்த கம்பி ஒரு முழம் தொங்கியது. பம்பைப் பார்க்கவென்றே வந்திருந்த லுணுகலை வண்டிக்காரர், மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏழு பதினைந்துக்குள் குற்றவாளி யாரென்று வீதி முழுவதும் முடிவு செய்துவிட்டது: எதிர்க்கடைப் பரிமளம்.

வீதியையும் குறை சொல்ல முடியாது. ஐப்பசியில் கொழும்பிலிருந்து வந்த பம்பு அது. அதன் குழல் தேங்காயெண்ணெய்த் தொட்டியின் அடியில் மூழ்கிக் கிடக்கும். மேலே கைப்பிடியை இழுத்தால் மூக்கு வழியாக எண்ணெய் கொட்டும். வேடிக்கை பார்க்க வந்த சனம் வாங்கிக்கொண்டும் போனது. உழக்கால் முகந்து விற்ற பரிமளத்தின் கடையில் ஈதான் மிச்சம். "அது எண்ணெய் இறைக்கல, எச்சி துப்புது" என்று அவள் சொல்லாத ஆளில்லை. புருஷன் போன பிறகு எட்டு வருஷமாக அவளுக்குச் சோறு போட்ட கடை அது. கடை நின்ற மண்ணோ தங்கராஜாவுடையது. பொழுது சாய்வதற்குள் காலி செய்யவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஏழே முக்காலுக்குப் பொலிஸ் சார்ஜன் ஜௌபர் வந்தார். விசாரணைக்கு முதலில் நின்றவன் முத்தையா. இருபது வருஷமாகத் தங்கராஜா கடையில் எண்ணெய் அளப்பவன்.

"எத்தனை மணிக்கு வந்தே?"

"அஞ்சுக்குங்க. வந்ததும் தீச்சட்டி மூட்டினேன்."

பனி மாதத்தில் எண்ணெய் கட்டிப்போகும். சிரட்டைக்கரியைச் சட்டியில் கனலவைத்துத் தொட்டிக்கு அடியில் தள்ளினால்தான் இளகும். அது முத்தையாவின் வேலை.

"அப்புறம்?"

"ஆறு மணிக்கு எண்ணெய் தண்ணி மாதிரி இருந்திச்சு. ஆறு தகரம் இறைச்சேன். தகரத்துக்குப் பன்னிரண்டு இழுப்பு. கைப்பிடி பூ மாதிரி வந்திச்சு."

"அதுக்குப் பொறகு பம்புகிட்ட போனது யாரு?"

முத்தையா எதிர்க்கடையைப் பார்த்தான். ஆறரைக்குப் பரிமளம், தொட்டி இருந்த தங்கராஜா கடைக் கொல்லைக்குள் நுழைந்ததை ரொட்டிக்கடை மர்ஸூக் உட்பட மூன்று பேர் கண்டிருந்தார்கள்.

"ஏம்மா போனீங்க?"

"எம் பூனையைத் தேடிப் போனேங்க."

"கெடைச்சிச்சா?"

"அதோ."

எல்லாரும் திரும்பினார்கள். தொட்டிக்கடியில், தீச்சட்டிச் சாம்பலுக்குள் பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள். பரிமளம் மட்டும் சிரிக்கவில்லை. வாய்க்கு வந்த பொய் ஒன்று கண்ணெதிரே உண்மையாகிக் கிடப்பதை அவள் உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் முத்தையா இறைத்ததாகச் சொன்ன தகரங்களில் ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னாள்.

மூடியைத் திறந்தார்கள். எண்ணெய் வெள்ளைவெளேரென்று, தட்டு மாதிரி மட்டமாக உறைந்திருந்தது. சார்ஜன் விரலால் அழுத்தினார், விரல் இறங்கவில்லை.

"குளிருக்கு உறைஞ்சிருக்கு. இதில என்ன?"

"சார்ஜன் ஐயா, நான் எண்ணெய் விக்கிறவ. காய்ச்சி இளக்கின எண்ணெய் ரெண்டு மணி நேரத்தில இப்புடிக் கட்டாது. ஒரு ராத்திரி முழுக்க வேணும். இது நேத்து மத்தியானம், வெயில்ல இளகி இருந்தப்போ ரொப்பின தகரம். தீச்சட்டியில நெருப்பே வைக்கல. வச்சிருந்தா பூனை படுக்குமா?"

"அப்ப காலையில இறைக்கல. ஆனா உடைச்சது?"

அங்கேதான் பரிமளம் முதன்முறையாக முதலாளியைப் பார்த்துப் பேசினாள். எண்ணெய் தண்ணீர் போல இருந்தால் சிறு பிள்ளை இழுத்தாலும் ஏறும்; கம்பிக்கு நோகாது. குழம்பாகக் கெட்டியானால் இழுப்பு இரண்டு மடங்காகும், கை கடுக்கும். நெய்யாக உறைந்துவிட்டால் ஒரு சொட்டும் ஏறாது. பலங்கொண்டு இழுத்தால் கம்பிதான் முறியும்.

"முத்தையா சொன்ன மாதிரி இளகியிருந்தா நான் எப்புடி இழுத்தாலும் உடைஞ்சிருக்காது. உறைஞ்சிருந்திச்சுன்னா, அவரு ஏன் இளகிச்சுன்னு சொன்னாரு? உடைக்கிறதுக்கு உறைஞ்ச எண்ணெய் வேணும். நெருப்பு வைக்காம விடுறதுக்கு அவரு ஒருத்தராலதான் முடியும்."

தங்கராஜா தொட்டியின் மூடியைத் தூக்கி அகப்பையைக் குத்தினார். அகப்பை குத்திட்டு நின்றது.

முத்தையா போய் அந்த அகப்பையைப் பிடுங்கி எடுத்தான்.

"இருவது வருஷமா எங் கையளவை நம்பித்தானுங்க சனம் வந்திச்சு. மூணு மாசமா மொதலாளி எம் பேரைச் சொல்லிக் கூப்பிடல. 'பம்புகிட்ட போ'ங்கிறாரு. மனசு பொறுக்கல. நெருப்பு வைக்காம, கைப்பிடியில ஒலக்கையைக் கட்டி இழுத்து முறிச்சேன்."

பித்தளையின் மேல் பொறாமைப்பட்ட மனுஷனை எந்தச் சட்டத்தில் எழுதுவதென்று சார்ஜன் மீசையைத் தடவினார். முதலாளி வழக்கு வேண்டாம் என்றார். பரிமளத்திடம், கடை அங்கேயே இருக்கட்டும் என்றார், அவள் முகத்தைப் பார்க்காமலே. வீதி அன்று பரிமளத்தின் புத்தியைப் பற்றிப் பேசியே தேநீர் குடித்தது.

அவள் தன் கடைக்குள் வந்து படலைச் சாத்தினாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். ஆற்றுமணல் ஒரு கைப்பிடி இருந்தது, எண்ணெயில் கலந்தால் பம்புக்குள்ளிருக்கும் தோல் வளையத்தை ஒரே நாளில் அரித்துவிடும் பொடிமணல். காலையில் அந்தக் கொல்லையில் முத்தையா இருமும் சத்தம் கேட்டிராவிட்டால் அது தொட்டிக்குள் போயிருக்கும்.

"பாவி மனுஷன், முந்திக்கிட்டான்" என்று முணுமுணுத்தபடி அவள் அதைச் சாக்கடையில் கொட்டினாள்.