கொப்பரைக்குள் ஒரு தாளம்

இசை அறையின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'பெட்டியை யாரும் அணைக்காதீர்கள்! இப்படிக்கு, பெகிமாய், ஐந்தாம் வகுப்பு.' அணைக்காதீர்கள் என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் மூன்று கோடுகள்.

பெட்டி என்றால் சாம்ப்ளர். பெகிமாயின் அண்ணன் கல்யாண வீடுகளில் வாசிக்கிற கறுப்புப் பெட்டி. அதன் மேல் பதினாறு ரப்பர் கட்டங்கள். மைக்கை நீட்டி எந்தச் சத்தத்தையும் பிடித்து ஒரு கட்டத்துக்குள் போட்டுக்கொள்ளலாம். விரலால் தட்டினால் அது ஒலிக்கும். தட்டிய வரிசையை ஞாபகம் வைத்துக்கொண்டு, சொல்லும்வரை சளைக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கும்.

ஐந்து நாளாக பெகிமாய் அதில் சத்தம் சேர்த்தாள். பள்ளி மணி, பந்து குதிப்பது, சாக்பீஸ் உடைவது, அவள் நண்பன் உலானின் தும்மல். பதினாறும் நிரம்பி அருமையான தாளம் ஒன்று பிறந்தது. உலானும் இன்னும் ஆறு பேரும் அதற்கேற்ப ஆடிப் பழகினார்கள்.

ஒரே ஒரு வேலையை மட்டும் பெகிமாய் செய்யவில்லை. அவள் எதையும் சேமிக்கவில்லை. மெமரி கார்டு முழுக்க அண்ணனின் கல்யாணப் பாட்டுகள். அதில் ஒன்றை அழித்தாலும் அண்ணன் வீட்டைத் தலைகீழாக்கிவிடுவான். பெட்டி அணையாதவரை சத்தங்கள் எங்கே போய்விடும் என்று சும்மா இருந்துவிட்டாள்.

இன்று நோரூஸ், புத்தாண்டு. பிஷ்கெக் நகரத்தில் இருந்த அந்தப் பள்ளியின் முற்றத்தில் தேர்க்கூட்டம். ஒரு மூலையில் எண்ணெய்ச் சட்டியில் மாவுத் துண்டுகள் பொரிந்துகொண்டிருந்தன. இன்னொரு மூலையில் நேற்று ஏற்றிய பெரிய கொப்பரையில் சுமோலோக் என்ற கோதுமைக் களி, இன்னும் கிண்டி முடியவில்லை.

ஆட்டத்துக்கு இன்னும் பத்து நிமிடம். பெகிமாய் இசை அறைக்குள் ஓடிவந்தாள். ஜன்னலைத் திறந்தால் முற்றம். அங்கிருந்தபடியே வாசிக்கலாம் என்று பெட்டியை ஜன்னலோரம் வைத்திருந்தாள்.

முதல் கட்டத்தைத் தட்டினாள். சத்தம் வரவில்லை. இரண்டாவது, மூன்றாவது... பதினாறும் ஊமை. திரையில் 'காலி' என்று இருந்தது.

"உலான்! இங்க வா, சீக்கிரம்!"

பூவேலை செய்த கோட்டும் உயரமான வெள்ளைத் தொப்பியுமாக உலான் வந்தான். திரையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"ஐயோ, எல்லாம் போச்சா? யாரோ அணைச்சிருக்காங்க! யாருன்னு தெரியட்டும், இப்பவே போய்த் தலைமை ஆசிரியர்கிட்ட சொல்றேன்."

வாசலில் ஒரு தட்டு கலகலவென்று ஆடியது. பள்ளியைச் சுத்தம் செய்யும் துர்சுன் எஜே, அதாவது துர்சுன் அக்கா, கையில் தேநீர்க் கோப்பைகளோடு நின்றிருந்தார். இந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவர்.

"நான் அணைக்கல கண்ணு. சத்தியமா அந்த ஸ்விட்ச் பக்கம் கையே போகல. கதவுலதான் எழுதியிருக்கே! திடீர்னு விருந்தாளிங்க வந்துட்டாங்க. டீ இல்லாம உக்கார வைக்கலாமா? கெட்டிலுக்கு வேற இடம் கிடைக்கல. அதான் பிளக்கை மட்டும் புடுங்கினேன். அஞ்சே நிமிஷம். அப்புறம் அதே ஓட்டையிலதான் மாட்டினேன்!"

பெகிமாய்க்கு அழுகை முட்டியது. ஆனால் துர்சுன் எஜேவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கோப்பைகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

"தட்டைக் கீழ வைங்க எஜே, உடைஞ்சிடப் போவுது" என்றாள் பெகிமாய். "தப்பு என்னோடது. நான்தான் சேமிக்கல. பிளக்கைப் புடுங்காதீங்கன்னும் எழுதல."

"சரி, யார் தப்போ. இப்ப நாங்க எதுக்கு ஆடறது? உன் மூஞ்சிக்கா?" என்றான் உலான்.

அப்போதுதான் பெகிமாயின் காதில் அது விழுந்தது. கடக்... கடக்... கடக்கடக். களி அடிபிடிக்காமல் இருக்கக் கொப்பரையின் அடியில் போட்ட கூழாங்கற்கள். அகப்பை சுற்றும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று மோதின.

"எஜே, உங்களுக்கு வேகமா நடக்க வருமா?"

"நடக்கவா? நான் ஓடுவேன்."

"அப்ப இந்த மைக்கைப் பிடிங்க. வயர் நீளம்தான், முற்றம் முழுக்க எட்டும். நான் கை காட்டற இடத்துல நீட்டினா போதும். உலான், எல்லாரையும் வரிசையா நிக்க வை. நான் தலையாட்டற வரைக்கும் அசையாதீங்க."

"பைத்தியமா உனக்கு? எல்லாரும் பாக்கும்போதா சத்தம் பிடிக்கப் போற?"

"வேற வழி இருந்தா சொல்லு."

உலான் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடினான்.

தலைமை ஆசிரியர் ஐந்தாம் வகுப்பின் பெயரை அறிவித்தார். ஏழு பேரும் முற்றத்தின் நடுவில் விறைத்து நின்றார்கள். துர்சுன் எஜே மட்டும் மைக்கோடு கொப்பரைக்கு ஓடினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

கடக், கடக்கடக்.

பெகிமாய் அதைப் பிடித்து, தலையும் வாலும் நறுக்கி, முதல் கட்டத்தில் போட்டாள். தட்டினாள். ஒலிபெருக்கியில் கொப்பரைக் கற்கள் குதிரைக் குளம்புபோல அதிர்ந்தன. சிரித்தவர்கள் அடங்கிப் போனார்கள். பெட்டி அதைத் திரும்ப வாசிக்க ஆரம்பித்தது.

அடுத்துக் கை காட்டினாள். எண்ணெய்ச் சட்டியில் மாவு விழுந்தது. சொர்ர்ர்! இரண்டாவது கட்டம். பிறகு ஜன்னலோரம் இருந்த கெட்டிலின் மூடி. டக்! மூன்றாவது. எஜே தாமாகவே விருந்தாளிகள் பக்கம் ஓடி, ஒரு பெரியவர் டீயை உறிஞ்சும்போது மைக்கை நீட்டிவிட்டார். ஸ்ஸ்ர்ப்! நான்காவது. முற்றமே வயிறு குலுங்கச் சிரித்தது. உறிஞ்சியவர்தான் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தார்.

கடக், சொர்ர், கடக்கடக், டக், ஸ்ஸ்ர்ப்!

உலான் கண்ணை உருட்டினான். வாயை அசைத்தான். "மெதுவா இருக்கு!"

பெகிமாய் வேகத்தைக் கூட்டும் குமிழைத் திருகினாள். இன்னும் என்று அவன் புருவத்தைத் தூக்கினான். இன்னும் கொஞ்சம் திருகினாள். உலானின் தோள் தானாக ஒரு குலுக்குக் குலுங்கியது. அவன் முகம் மலர்ந்தது. அவள் தலையாட்டினாள்.

ஏழு பேரும் ஒரே நேரத்தில் கால் வைத்தார்கள்.

அப்பாடா! பெகிமாயின் நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. அவள் விரல்கள் தம் பாட்டுக்குத் தட்டின. ஒரு சுற்றில் கற்களை நிறுத்தினாள். அடுத்த சுற்றில் கற்களோடு கூட்டத்தின் கைதட்டலையும் பிடித்துச் சேர்த்தாள். உலான் ஒரு தடவை தப்பாகத் திரும்பினான். அதற்கும் சேர்த்தே எல்லாரும் விசிலடித்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் உலான் மூச்சிரைக்க ஜன்னலைப் பிடித்துத் தொங்கினான்.

"அந்தப் பழைய தாளத்தை விட இதுதான் நல்லா இருக்கு. என் தும்மல் போனதுதான் வருத்தம்."

"வேணும்னா இப்ப தும்மு, சேர்த்துக்கறேன்."

துர்சுன் எஜே மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சிரித்தார். "என் உசுரே இப்பதான் திரும்பி வந்துச்சு கண்ணு" என்றார். பெகிமாய்க்கும் அப்படித்தான் இருந்தது.

"இன்னொரு முறை! இன்னொரு முறை!" என்று முற்றம் கத்தியது. ஏழு பேரும் மறுபடி வரிசையில் நின்றார்கள். பெட்டி மறுபடி ஆரம்பித்தது.

அப்போது தலைமை ஆசிரியர் காலிக் கோப்பையோடு இசை அறைக்குள் வந்தார். "துர்சுன் எஜே, டீ ஆறிப்போச்சு. விருந்தாளிங்க காத்திருக்காங்க. கெட்டிலைக் கொஞ்சம் மாட்டுங்களேன்."

துர்சுன் எஜே சுவரோரம் போய், பிளக்குகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"டீ அப்புறம் பாத்துக்கலாம். பிள்ளைங்க ஆடி முடிக்கட்டும்."

தலைமை ஆசிரியர் ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தார். பிறகு காலிக் கோப்பையோடு அங்கேயே நின்று, காலால் தாளம் போட ஆரம்பித்தார்.