படிக்கட்டு இல்லாத கடை

மிக்ஸிக் கடை முதலாளி பியூட்டி பார்லர் வாசலில் வந்து நின்று, மாடிக்குப் போகும் வழியைக் கேட்டபோதே பார்லர்க்காரிக்குக் கை நமைச்சல் எடுத்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்திருந்த பெண்ணுக்கு ஒரு புருவம் முடிந்து அடுத்தது பாதியில் இருந்தது. "இதோ வந்துட்டேன், அசையாதீங்க" என்று நூலை அவள் மடியிலேயே போட்டுவிட்டு, முதலாளிக்கு முன்னால் படியேறிவிட்டாள்.

மேலே குடியிருந்தவரை எல்லோரும் மாடியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். காப்பீட்டுக் கம்பெனிக்காக வருடக்கணக்கில் தீ விபத்தும் திருட்டும் விசாரித்தவர். எரிந்த கடையின் சாம்பலைக் கிளறிப் பார்த்து, தீ தானாக வந்ததா, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து வரப்பட்டதா என்று சொல்லிவிடுவார். இப்போது வேலையை விட்டாயிற்று. ஆனால் வழக்குகள் அவரை விடவில்லை. பார்லர்க்காரிதான் அவருக்கு உதவியாள். அந்தப் பதவியில் அவளை யாரும் நியமிக்கவில்லை. நீக்குவதற்கும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

"என் கடைய யாரோ திட்டம் போட்டுக் கவுக்குறாங்க, மேடம்" என்று முதலாளி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். அவர் கடையில் மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், எது வாங்கினாலும், இணையத்தில் கடைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு நாலு நல்ல வார்த்தை எழுதினால் அங்கேயே பரிசு. செல்போன் திரைக்கு ஒட்டும் கண்ணாடி, இல்லாவிட்டால் ஒரு எவர்சில்வர் டப்பா. வாங்குபவர் எழுதக்கூட வேண்டாம். கல்லாவில் இருக்கும் பெண்ணே போனை வாங்கி, நட்சத்திரத்தைப் போட்டு, புகழ்ச்சியையும் எழுதி, முதலாளியிடம் காட்டுவாள். அவர் தலையாட்டினால் பரிசு.

"அப்ப வாங்குறவங்க கருத்து அதுல எங்க இருக்கு?" என்றார் மாடியம்மா.

"அவங்களுக்கு ஏதுங்க நேரம்? பாவம், நாங்களே எழுதிக் குடுத்துடறோம்."

கொஞ்ச நாளாக, அவர் கண்ணால் பார்த்த ஐந்து நட்சத்திரம் மறுநாள் ஒன்றாகிக் கிடக்கிறது. வாங்கியவர்களைக் கேட்டால், தாங்கள் மாற்றவே இல்லை என்று சத்தியம் செய்கிறார்கள். நாளை மிக்ஸிக் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள். இந்த லட்சணத்தைப் பார்த்தால் ஏஜென்சியைப் பிடுங்கி எதிர்க் கடைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"செய்யறது யாருன்னு எனக்குத் தெரியும். கல்லாவுல இருக்கிறது என் அண்ணன் பொண்ணு. அப்பா அம்மா இல்லாதவன்னு என் வீட்டுலயே வெச்சு வளர்த்தேன். போனை வாங்கும்போதே பாஸ்வேர்டை எல்லாம் திருடி வெச்சிருக்கான்னு என் மச்சான் சொல்றான். பெட்டியக் கட்டச் சொல்லிட்டேன். ராத்திரிக்குள்ள வீட்டை விட்டுப் போயாகணும். போறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை, ஆமா அவதான்னு சொல்லிட்டா, நாளைக்குச் சொந்தக்காரங்க யாரும் என்னைக் குத்தம் சொல்ல மாட்டாங்க."

"அந்த ஒத்தை நட்சத்திரத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?"

முதலாளி போனை எட்டப் பிடித்து வாசித்தார். "'படி இறங்கும்போதே ஏமாற்று வாடை அடிக்கிறது. இவனிடம் கொடுத்த பொருள் கொடுத்ததுதான். மானம் உள்ளவன் இங்கே வரமாட்டான்.' எல்லாத்துலயும் இதே வாசகம்தான். எந்தப் பாவி இப்படி எழுதுவான்? மனசாட்சின்னு ஒண்ணு வேணாம்?"

"இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தார். மாடியம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "கடை மூடுற நேரத்துக்கு வரேன். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு கல்லாவுலயே இருக்கட்டும்" என்று அனுப்பிவைத்தார்.

முதலாளியின் தலை மறைந்ததும் பார்லர்க்காரி பொங்கினாள். "அவளேதான்க்கா! கடைய ஆரம்பிச்சது அவ அப்பா. போர்டுல அவர் பேருதான் இருந்துச்சு. அண்ணன் போனதும் இவரு போர்டையே மாத்திட்டாரு. புதுப் போர்டு ஏத்துன அன்னைக்கு அந்தப் பொண்ணு நின்ன நிலைய நீங்க பார்க்கணுமே. நான் பார்த்தேன்."

"நீ எதைத்தான் பார்க்கலை? சரி, ஒரு வேலை பண்ணு. உன்கிட்ட வர்றவங்கள்ல யாரெல்லாம் அங்க பொருள் வாங்கினாங்க, என்ன பரிசு வாங்கினாங்க, இப்ப அவங்க பேர்ல எத்தனை நட்சத்திரம் இருக்குன்னு விசாரி."

ஊர்வம்பை ஒரு கடமையாகச் செய்யச் சொன்னால் பார்லர்க்காரிக்கு வேறென்ன வேண்டும்? பாதிப் புருவத்தை முடித்தாள். அடுத்தவள் தலையை டிரையரால் உலர்த்திக்கொண்டே நோண்டி நோண்டிக் கேட்டாள். "என்ன டிரையர் இது, புயல் மாதிரி வீசுது?" என்றாள் தலையைக் கொடுத்தவள். "செத்துப்போன டிரையர். வீட்டுக்காரர் பாதாளக் கடையில குடுத்து உயிர் வாங்கிட்டு வந்தார். டிரையர் ஓடுது, கடைதான் பாவம் போயிடுச்சு. நீ சொல்லு, உனக்கு டப்பாவா, கண்ணாடியா?"

சாப்பாட்டு நேரத்தில் மாடிக்கு ஓடினாள். "டப்பா வாங்குனவங்க பேர்ல எல்லாம் அஞ்சு அப்படியே இருக்குக்கா. கண்ணாடி ஒட்டிக்கிட்டவங்க பேர்லதான் ஒண்ணு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. டப்பா நல்ல டப்பா, கண்ணாடி மட்டம். அந்தக் கோவத்துல மாத்திட்டு இப்ப இல்லைங்கறாங்க."

"பிரமாதம். நாமளே போய் ஒட்டிப் பார்த்துடலாம், வா."

கடை சாலையோடு சாலையாகச் சமதளத்தில் இருந்தது. ஃபிரிட்ஜ் ஏற்றிய தள்ளுவண்டி நிற்காமல் உள்ளேயே போனது. பார்லர்க்காரி பல நாளாகத் தள்ளிப்போட்டுவந்த இஸ்திரிப் பெட்டியை வாங்கினாள். கல்லாவில் இருந்த பெண்ணுக்கு இமை வீங்கியிருந்தது. காலடியில் ஒரு துணிப்பெட்டி. கை மட்டும் பழக்கத்தில் போனை வாங்கியது, 'அருமையான கடை, அன்பான கவனிப்பு' என்று எழுதியது. பக்கத்தில் நின்ற மச்சான், அவள் கையையே திருடன் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி தலையாட்டினார்.

வாசல் ஓரம் சின்ன மேஜை போட்டுக் கண்ணாடி ஒட்டுபவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். சுத்தமாக மழித்த முகம், அதிகம் பேசாத வாய்.

"லாக்கை எடுத்துக் குடுங்கம்மா. ஒட்டினப்புறம் டச் வேலை செய்யுதான்னு பார்க்கணும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தூசி விழுந்துடும்."

வெளிச்சத்துக்காக என்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். பார்லர்க்காரி எட்டி எட்டிப் பார்த்தும் அவர் தோள்தான் தெரிந்தது. மாடியம்மாவோ அவரைப் பார்க்கவில்லை. மேஜைக்கடியில் திறந்து கிடந்த கருவிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைக்கும் துணிகளுக்கு நடுவே, ஈயம் பற்றவைக்கிற, கைப்பிடி தேய்ந்துபோன ஒரு சால்டரிங் கம்பி.

"அரை மணி நேரம் கவுத்தே வைங்க. பசை இறுகணும்" என்று போனை நீட்டினார். ஒரு குமிழ் இல்லை. பார்லர்க்காரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சாலையைக் கடந்ததும் மாடியம்மா, "போனை நிமித்து" என்றார்.

"பசை காயலையேக்கா!"

"ஒட்டினதும் பிடிச்சுக்கிற கண்ணாடி அது. காயறதுக்கு ஒண்ணுமே இல்லை. நிமித்து."

நிமிர்த்திக் கடையின் பக்கத்தைத் திறந்தாள். நெற்றியில் பொட்டும் வாய் நிறையச் சிரிப்புமாக அவள் புகைப்படம்; பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம்; அதன் கீழே படி, வாடை, மானம். பார்லர்க்காரிக்கு வாயடைத்தது. அவள் வாழ்க்கையில் அது அபூர்வமான காட்சி.

"உன் பேர்ல எழுதியிருக்கிறதை நல்லாப் படி. எதாவது தப்பாத் தெரியுதா?"

"'படி இறங்கும்போதே'... எந்தப் படிக்கா? அந்தக் கடையில படியே கிடையாதே!"

"ஊருக்குள்ள படி இறங்கிப் போற கடை எது?"

பார்லர்க்காரியின் கண் விரிந்தது. "பாதாளக் கடை!"

"உன் டிரையரைச் சரிபண்ணினவரை நீ பார்த்திருக்கியா?"

"இல்லக்கா. வீட்டுக்காரர்தான் போனாரு. பெரிய தாடிக்காரர்னு சொன்னாரு."

மாடியம்மா தன் போனை எடுத்து எதையோ தேடி வாசித்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் மோசமான அறிகுறி.

மாலையில் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். முதலாளி, மச்சான், கல்லாப் பெண், கண்ணாடிக்காரர் எல்லோரும் இருந்தார்கள். பெண் துணிப்பெட்டியைக் கையிலேயே பிடித்திருந்தாள்.

"சொல்லுங்க மேடம், இவதானே?" என்றான் மச்சான்.

"இவங்க கைக்கு எல்லார் போனும் போச்சு. இவங்க செஞ்சிருந்தா டப்பா வாங்கினவங்க பேரும் கெட்டிருக்கணும். கெடலையே. கண்ணாடி ஒட்டிக்கிட்டவங்க போன் மட்டும், எழுதி முடிச்ச பிறகு இன்னொருத்தர் கைக்குப் போகுது. அதுவும் பூட்டைத் திறந்து. பசை காயணும்னு கவுத்து வேற வைக்கிறாங்க. அதுக்கப்புறம் யாரு எடுத்துப் படிக்கப்போறாங்க? எழுதினதே அவங்க இல்லையே."

எல்லோர் தலையும் வாசல் மேஜைப் பக்கம் திரும்பியது. கண்ணாடிக்காரர் அசையவில்லை.

"டேய்!" என்று முதலாளி பாய்ந்தார். "யாருடா நீ? எதிர்க் கடைக்காரன் அனுப்பின ஆளா?"

"படி இறங்கி வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும், யாருன்னு" என்றார் கண்ணாடிக்காரர்.

முதலாளி விழித்தார். மாடியம்மா தன் போனை அவர் முன் நீட்டினார். "பாதாளக் கடைன்னு ஒரு ரிப்பேர் கடை இருந்துச்சு. கடை போனாலும் இணையத்துல அந்தப் பக்கம் இன்னும் இருக்கு. இதை வாசிங்க. உங்க கடையைப் பத்தி எழுதினது அத்தனையும் இங்கிருந்து எடுத்த வாசகம்தான், ஒரு எழுத்துக்கூட மாறலை. முதல்ல எழுதினவர் பேரையும் பாருங்க."

எழுதியவர் பெயரும் படமும் முதலாளியுடையவை. அதற்குக் கீழே மச்சான். அதற்கும் கீழே உறவுகள், கடையாட்கள், ஒரு கல்யாணக் கூட்டமே வரிசையாக நின்றது.

"நான் பழைய மிக்ஸியச் சரிபண்ணிக் குடுத்துட்டு இருந்தேன்" என்றார் கண்ணாடிக்காரர். "அதனால இவருக்குப் புதுசு விக்கலை. ஒருநாள் வந்து சண்டை போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். இவரு வரவேயில்லை. வீட்டுல காலை நீட்டிக்கிட்டு என் பொழப்பை முடிச்சுட்டாரு. வாடிக்கைக்காரங்க குடுத்த பொருளை எல்லாம் பயந்து திருப்பி வாங்கிட்டுப் போனாங்க. தாடியை எடுத்துட்டு இங்க வேலை கேட்டேன். ஒளிஞ்சு வரணும்னுதான் எடுத்தேன். அதுகூட வேண்டியிருக்கலை, என் முகமே இவருக்குத் தெரியாது."

"அவர் வாசகத்தையே ஏன் எழுதினீங்க?" என்றார் மாடியம்மா.

"தெரிஞ்சுக்கட்டும்னுதான். முதல் தடவை படிச்சதும் வெலவெலத்துப்போவாருன்னு பார்த்தேன். எந்தப் பாவி எழுதினான்னு என்கிட்டயே வந்து கேட்டாரும்மா! மறுபடி போட்டேன், மறுபடியும் போட்டேன். ஒரு ஆளை அழிச்ச வார்த்தை, எழுதினவருக்கே ஞாபகம் இல்லை. அதுக்கப்புறம்தான் எனக்கு ஆத்திரம் ஏறுச்சு."

பார்லர்க்காரிக்குப் பொறுக்கவில்லை. "அதுக்கு இந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? பெட்டியோட நிக்குறதை நாள் பூராப் பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"இவ பேரும் அந்த வரிசையில இருக்கும்மா. நான் யாருக்கு இரக்கப்படணும்?"

பெண் போனை வாங்கிப் பார்த்தாள். அவள் பெயரும் இருந்தது. "காலேஜ் சேர்ந்த புதுசு. என் போனைக் குடுன்னு வாங்கினீங்க, சித்தப்பா. எதுக்குன்னு நானும் கேக்கலை. தினம் எல்லார்கிட்டயும் நான் வாங்குறேனே, அதே மாதிரி."

முதலாளி சுதாரித்துக்கொண்டார். "சரிம்மா, போனது போகட்டும். நீ இல்லைன்னு ஆயிடுச்சுல்ல? பெட்டிய உள்ள வை. இவனை நான் போலீஸ்ல குடுக்கறேன்."

"தாராளமாக் குடுங்க" என்றார் மாடியம்மா. "போலீஸ்ல முதல் கேள்வி, அத்தனை பேரும் எதுக்குப் போனைத் திறந்து குடுத்தாங்கங்கறது. பரிசு குடுத்து நாங்களே எழுதிக்கிட்டோம்னு சொல்லணும். நாளைக்கு வர்ற கம்பெனிக்காரங்களும் அதைக் கேட்பாங்க. இவர் எழுதினதை அழிக்கணும்னா ஒவ்வொரு வீடாப் போய் நில்லுங்க. அங்கயும் அதைத்தான் சொல்லணும்."

முதலாளி தொப்பென்று ஒரு கிரைண்டர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அது உள்ளே அமுங்கியது. மச்சான் அவசரமாகத் தன் போனில் பழையதை அழிக்கத் தொடங்கினான்.

பெண் தன் போனை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் மேஜைக்குப் போனாள். "அண்ணா, இதை மாத்திடறேன். என்ன எழுதட்டும்?"

அவர் அவளை முதன்முறையாக நேராகப் பார்த்தார். "ஒண்ணும் எழுத வேணாம்மா. நீ என் கடைக்கு வந்ததே இல்லையே. அழிச்சுடு."

அழித்தாள். பிறகு துணிப்பெட்டியோடு குனிந்து ஷட்டருக்கு வெளியே வந்தாள். உள்ளேயிருந்து சித்தப்பா இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்; மூன்றாவது முறை குரல் வரவில்லை. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக்காரர் எதிர்ப்பக்கமாக நடந்தார்.

"பார்லருக்குப் பின்னாடி ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு" என்று பெட்டியை வாங்கிக்கொண்டாள் பார்லர்க்காரி. "உனக்குப் புருவம் எடுக்க வருமா? வராட்டியும் பரவாயில்லை, வா. போர்டு மாத்துன கதைய முதல்ல இருந்து சொல்லணும் நீ."

பார்லர் வாசலில் நின்று பார்லர்க்காரி தன் போனைத் திறந்தாள். குமிழில்லாத கண்ணாடிக்கடியில் அந்த ஒற்றை நட்சத்திரம் இன்னும் அவள் பேரில்தான் இருந்தது.

"அழிக்கலையா?" என்றார் மாடியம்மா, மாடிப்படியில் கால் வைத்தபடி.

பார்லர்க்காரி ஒருமுறை முழுதாக வாசித்தாள். யோசித்தாள். ஆட்காட்டி விரலால் நிதானமாகத் தட்டினாள்.

"'படி இறங்கும்போதே'ங்கறதை மட்டும் எடுத்துட்டேன்க்கா. அதுதானே பொய்? மத்ததெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காரு, அந்த முதலாளி."