அடுக்களையிலிருந்து வந்த பெயர்

நவம்பர் 12, 2024. செவ்வாய். செஞ்சி.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். வாசல் கதவருகே மாட்டியிருந்த ஸ்பீக்கரைக் கழற்றி மாலை வகுப்புக்கு எடுத்துப் போனேன். குரல் கொஞ்சம் கரகரத்தது, அஸ்ஃபாக் சாரிடம் காட்டலாம் என்று நினைத்தேன். நைனாவைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டு மீனம்பாள் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறதி நைனாவுக்கா உனக்கா என்று அண்ணன் கேட்பான்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறினால் நானே நம்ப மாட்டேன்.

நைனா வல்லம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பகலில் தெளிவாகத்தான் இருப்பார். பேப்பர் படிப்பார், என் குழம்பில் உப்பில்லை என்பார். பொழுது சாய்ந்தால் டியூட்டி ஞாபகம் வந்து கிளம்பிவிடுவார். சித்திரையில் ஒருநாள் திருவண்ணாமலை ரோட்டின் நடுவில் நின்று லாரிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை ரோட்டுக்குப் போனால் சென்னையில் ஏதாவது ஹோமில் சேர்த்துவிடுவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான். வெளியே பூட்டினால் கதவில் தலையை முட்டிக்கொள்கிறார். அதனால்தான் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் இதைச் செய்தேன். கதவைத் திறந்தால் ஸ்பீக்கர் பேசும். குரல் அம்மாவுடையது.

பதிவு செய்த அன்று அஸ்ஃபாக் சார், "பேரச் சொல்லிக் கூப்புடுங்கம்மா. அப்பதான் நிப்பாரு" என்றார்.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "அய்ய, இந்த சாருக்கு வேற வேலையே இல்ல. ரேஷன் கடையில கேட்டாக்கூட கார்டத்தான் நீட்டுவேன். அவரு பேர நான் சொல்றதாவது!"

கடைசியில், "இந்தாங்க, எங்க போறீங்க? பஸ்ஸு போயிடுச்சு. வந்து உக்காருங்க" என்று பதிந்தோம். ஆடியில் அம்மா இறந்துபோனாள். குரல் மட்டும் கதவருகே இருந்தது.

இன்று வகுப்பு முடிந்து வந்தபோது ராஜகிரிக் கோட்டை மலை இருட்டில் கரைந்திருந்தது. தெருவில் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. தோளில் பை கனத்தது. அப்போதுதான் என் தவறு எனக்கு உறைத்தது.

நைனா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பு. தோளில் பழைய தோல் பை.

மீனம்பாள் அக்கா வாசலுக்கு வந்தார். "ஷோபனா, உன் பொட்டி சூப்பரா வேல செய்யுதுடி! படி எறங்கிட்டாரு. நான் ஓடியாறதுக்குள்ள உங்கம்மா கூப்ட்டா பாரு, அப்டியே திரும்பிட்டாரு. ஆனா உங்கம்மா ஆண்டாளுக்கு இவ்ளோ தைரியம் எப்ப வந்துச்சு? பேரச் சொல்லியில்ல கூப்புடுறா!"

"இன்னா பேருக்கா?"

"இளையபெருமாள்னுதான். அவருக்கு வேற இன்னா பேரு?"

பையிலிருந்த ஸ்பீக்கரை நான் அக்காவிடம் காட்டவில்லை.

அவர் போன பிறகு அதைப் பழைய இடத்தில் மாட்டினேன். பேட்டரியைச் சரிபார்த்தேன். மறுபடியும் சரிபார்த்தேன். அக்கா ஏதோ நினைப்பில் சொல்லியிருக்கலாம். எனக்கு எதிலும் உறுதி கிடையாது.

நைனா எழுந்தார். "பாப்பா, வல்லம் வண்டி வந்துட்டுது." கதவைத் திறந்தார்.

"இந்தாங்க, எங்க போறீங்க?" என்றது ஸ்பீக்கர்.

அவர் நிற்கவில்லை. அது யார் குரல் என்றே அவருக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், அடையாளம் கண்ட குறியே இல்லை. படியில் கால் வைத்தார். நான் கையைப் பிடித்தேன். உதறினார்.

பதிவு முடிந்தது.

வீட்டுக்குள்ளிருந்து ஈர மஞ்சள் வாசனை வந்தது. இந்த வீட்டில் இப்போது மஞ்சள் பூசிக் குளிப்பவர் யாருமில்லை.

"இளையபெருமாள்."

ஸ்பீக்கர் அல்ல. அடுக்களை.

கூசிக் கூசி வந்தது அந்தக் குரல். பாரம் தூக்குகிறவள் மூச்சுப் பிடிப்பதைப்போல, ஒவ்வொரு எழுத்தாக.

நைனா நின்றார்.

"இளையபெருமாள்... உள்ள வாங்க."

அதன் பிறகு ஒரு விசும்பல்.

நைனா திரும்பி வந்து உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். என்னைக் குனியவைத்துக் காதருகே, "அழுவுறா பாரு. நான் இன்னா பண்ணேன்?" என்றார்.

அடுக்களைக்குள் போக எனக்கு வெகுநேரம் பிடித்தது. டார்ச் வெளிச்சத்தில் பாத்திரங்கள் மட்டும் இருந்தன.

பயம் தணிந்தபோது அழுகை வந்தது. வாழ்ந்தவரை நாக்கில் வைக்காத பெயரை ஒவ்வொரு சாயங்காலமும் அவள் வந்து சொல்ல வேண்டுமா? ஸ்பீக்கரே அந்தப் பெயரைச் சொன்னால் அம்மா வர வேண்டியதில்லை என்று தோன்றியது. என் குரலில் பதிந்தேன். நானும் நைனாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் இல்லை. வாய் வரவே இல்லை. எப்படியோ சொல்லி முடித்துவிட்டுப் போட்டுக் கேட்டேன்.

முதலில் ஒரு மெல்லிய செருமல். பேசப் போகிறவர் தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் சத்தம். அதற்குப் பிறகுதான் என் குரல்.

நான் செருமவில்லை. நைனா அதற்குள் தூங்கியிருந்தார்.

அம்மா தானே சொல்ல நினைக்கிறாள் என்று பட்டது. அந்தப் பதிவை அழித்துவிட்டேன். சரியா தவறா தெரியவில்லை.

நாளைய வேலை: வகுப்புக்குப் போகும் முன் அடுக்களைக் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.